உயிரா, ஓடா?

செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் ஆட்கள் செவ்வாய்க்கிழமைதான் வருவார்கள். மற்ற நாட்களில் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. நீங்களும் செவ்வாய்க்கிழமைதான் வந்திருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். ஏட்டையா இந்த முக்காலியில் உட்கார்ந்தால் மடியில் வைத்து எழுத வசதியாக இருக்கும்.

போன இரண்டு முறையும் உங்களிடம் ஒன்றைக் கவனித்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் பெரிய சங்கைப் பார்த்ததும் காதில் வைத்துக் கேட்கலாமா என்பார்கள். கடல் சத்தம் கேட்குமாம். கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, சும்மா வாசலில் நின்றாலே கேட்கும். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலமாரி அலமாரியாக நின்று பார்த்தீர்கள். என் கணவர் இருந்திருந்தால் அவருக்கு உங்களைப் பிடித்துப் போயிருக்கும். டிக்கெட் வாங்கவில்லை என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இது எங்கள் வீடுதான். முன்கூடமும் அதை ஒட்டிய அறையும் காட்சிக்கூடம். சமையலறையும் படுக்கையறையும் பின்னால். கூடத்தில் சங்கு, சிப்பி, சோழி. அடுத்த அறையில் கடல் குதிரை, நட்சத்திர மீன், ஒரு திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு, மூன்று தண்ணீர்த் தொட்டிகள். எங்கள் மாப்பிள்ளை முதல்முறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். "அத்தை, செருப்பை எங்க விடறது? இது வீடுன்னா இங்க விடணும், மியூசியம்னா போட்டுட்டே வரலாமே" என்றார். என் கணவர் அன்றைக்குச் சிரித்தார். அவர் சிரித்ததை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் கப்பலில் இன்ஜினியர். மற்ற வீடுகளில் கப்பலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் தெருவே செண்ட் மணக்கும். எங்கள் வீட்டில் அழுகின மீன் வாசனை வரும். பெட்டியைத் திறந்தால் அவருடைய சட்டைகளுக்குள் சுருட்டி வைத்த சங்குகள் இருக்கும். சிலவற்றுக்குள் அந்தப் பிராணி சரியாகச் சுத்தமாகாமல் இருக்கும். நான் அதை வேகவைத்து, ஊசியால் சுழற்றி இழுத்து, கழுவி, காயவைப்பேன். கல்யாணமான புதிதில் எல்லாப் பெண்களும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

அவர் நல்லவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. பக்கத்து வீட்டு அம்மா சுவர் வழியாக எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "உங்க வீட்டுக்காரர் தங்கம்டி. ஒரு சத்தம் கேட்டிருக்கேனா? எங்க வீட்ல பாரு, தினமும் கச்சேரி."

சத்தம் கேட்காததற்குக் காரணம் உண்டு. கல்யாணமான முதல் வருஷம் ஒரு முள்ளுச் சங்கைத் துடைக்கும்போது என் கையிலிருந்து நழுவி, ஒரு முள் உடைந்துவிட்டது. அவர் குனிந்து அந்த முள்ளை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு கப்பலுக்குத் திரும்பிப் போகும்வரை என்னோடு பேசவில்லை. கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சாப்பிட வாங்க என்றால் வருவார். தண்ணீர் வைத்தால் குடிப்பார். வாசலில் பால்காரரோடு பேசுவார், தபால்காரரோடு பேசுவார், உள்ளே வந்ததும் நின்றுவிடும். நான் முதலில் அழுதேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் பதிலையும் நானே சேர்த்துப் பேச ஆரம்பித்தேன். "குழம்பு எப்படி இருக்கு? நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போடவா? போடு." இப்படி. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது எதுவுமே நடக்காததுபோலப் பேசினார். நானும் எதுவுமே நடக்காததுபோல இருந்தேன்.

இன்னொரு முறை, மகள் பள்ளிக்கூடத்துக்கு நாட்டிலஸ் என்கிற சுருள் சங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நான் கொடுத்துவிட்டேன். விளிம்பு கொஞ்சம் உதிர்ந்து வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. திட்டுகிற ஆளென்றால் ஒரு நாளில் முடிந்துவிடும் இன்ஸ்பெக்டர். அடிக்கிற ஆளென்றால்கூட ஊர் வந்து கேட்கும். பேசாதவரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

ஓய்வு பெற்று வந்ததும் இந்தக் காட்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு சங்குக்கும் பெயர் எழுதினார், எந்தக் கடல், எந்த வருஷம் என்று எழுதினார். யாரும் கை வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பருத்திக் கையுறை போட்டுத்தான் எடுப்பார். சுத்தம் செய்வது என் பொறுப்பு. அலமாரிகள் வாங்குவதும் என் பொறுப்பாயிற்று, ஏனென்றால் அதற்குள் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார், பழுத்ததும் எடுத்துவிடலாம் என்று. அவருக்கு முதலில் எழுத்து போயிற்று. பிறகு முகங்கள் போயின. கடைசியில் வெளிச்சம் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

காலையில் எழுந்ததும் "வானம் எப்படி இருக்கு?" என்பார். நான் சொல்வேன். "மேகம்னா எந்த மாதிரி? பிரிச்சுப் போட்ட பஞ்சா, அழுக்குத் துணியா?" என்பார். அழுக்குத் துணி என்பேன். சட்டை என்ன நிறம், தட்டில் என்ன இருக்கிறது, வாசலில் யார் போகிறார்கள், எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். பார்வையாளர்கள் வந்தால் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஞாபகத்திலிருந்து சொல்வார். "இடது பக்க அலமாரி, மேல் தட்டு, ஓரத்துல பாருங்க. புலித்தோல் மாதிரி இருக்கும். அது சோழி." நான் பக்கத்தில் நின்று அந்தப் பொருளைக் காட்டுவேன். சாயங்காலம் ஆனால், "இன்னிக்கு அந்த ஆரஞ்சு சிப்பியைப் பத்திச் சொல்லு" என்பார். நான் அலமாரி முன்னால் நின்று சொல்வேன். விளிம்பில் ஆரஞ்சு, நடுவில் போகப் போக ரோஜா நிறம், உள்ளே பால் வெள்ளை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முப்பத்தைந்து வருஷம் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அந்த ஐந்தாறு வருஷத்தில் பேசிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

இப்போது அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நான் செய்த தப்பு. தப்பு என்றால் தெரியாமல் செய்தது.

கடற்காற்றில் ஈரம் அதிகம், தூசியும் படிகிறது என்று நான் புது அலமாரிகள் செய்யச் சொன்னேன். நல்ல மரம், கண்ணாடிக் கதவு, காற்றுப் போகாதபடி சுற்றி ரப்பர் பட்டை. தச்சர் "அம்மா, இதுல எறும்பு மூச்சுகூடப் போகாது" என்று பெருமையாகச் சொன்னார். கொஞ்ச நாளில் சங்குகளின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. பூஞ்சை என்று நினைத்தேன். பூஞ்சைக்கு வினிகர் நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீரில் கலந்து துடைத்தேன். பளிச்சென்று ஆயின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னும் அதிகமாகப் பூத்தது. இன்னும் கொஞ்சம் வினிகர் சேர்த்தேன்.

ஒருநாள் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஓர் அம்மா வந்தார். கண்ணாடிக்கு அருகில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். வாசலோரம் உட்கார்ந்திருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தொட்டிகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இது பூஞ்சை இல்லம்மா. மூடின மர அலமாரிக்குள்ள மரத்துல இருந்து ஒரு புளிப்பு ஆவி வரும். அது சுண்ணாம்பைத் தின்னும். சிப்பி எல்லாம் சுண்ணாம்புதானே. எதைப் போட்டுத் துடைக்கறீங்க?"

சொன்னேன்.

அவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "வினிகரும் அதே புளிப்புதாம்மா" என்றார். "சாருக்குத் தெரியுமா?"

"சொல்லிக்கலாம்" என்றேன்.

சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ஒரு முள் உடைந்ததற்கு அவ்வளவு என்றால், இது அவருடைய வாழ்நாள் முழுவதும். கேட்டால் மனிதர் தாங்க மாட்டார். அவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். என்னைப் பற்றி நினைக்கவில்லை.

நீங்கள் போன முறை அந்த நடு அலமாரி முன்னால் நின்று என்னவோ முகர்ந்தீர்கள். உங்கள் மூக்கு நல்ல மூக்கு. அது நெயில் பாலிஷ். சில சங்குகளில் நிறம் முழுக்கப் போய்ச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. பார்வையாளர்கள் சத்தமாக ஏதாவது சொல்லிவிடக்கூடாதே. கடைத்தெருவில் போய் இருக்கிற நிறங்களையெல்லாம் வாங்கினேன். கடைக்காரப் பெண் "பேத்திக்கா ஆன்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். மத்தியானம் அவர் தூங்கும்போது உட்கார்ந்து வரைவேன். எனக்குக் கை வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. புலிச் சோழியின் புள்ளிகளைப் பாருங்கள், அசல் மாதிரியே இருக்கும்.

ஒரு குழந்தை மட்டும் ஒருமுறை கத்திவிட்டது. "அம்மா, இதுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க!"

அவர் வாசலிலிருந்து தலையைத் திருப்பினார். "என்ன சொல்லுது அது?"

"அலமாரியைச் சொல்லுதுங்க. புதுசா இருக்கில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏதோ புளிச்ச வாசனை அடிக்குதே, ரொம்ப நாளா" என்றார். தரை துடைக்கிற மருந்து என்றேன். அப்படியா என்றார். அதோடு விட்டுவிட்டார். அவர் எதையும் விடுகிற ஆள் கிடையாது, ஆனால் அன்று விட்டுவிட்டார்.

கண் ஆபரேஷனை டாக்டர் இரண்டு மூன்று முறை தள்ளிவைத்தார். அதற்கு என் கணவருடைய சர்க்கரை வியாதிதான் காரணம். சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்றார்கள். அது இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவருடைய காபியில் நான் சர்க்கரை போட்டேன். அவருக்குத் தித்திப்பு பிடிக்கும். தித்திப்பாக இருக்கிறதே என்பார். சர்க்கரை இல்லாத மாத்திரை போட்டிருக்கிறேன், புதிதாக வந்திருக்கிறது என்பேன். ரத்தம் எடுக்கிற நாள் நெருங்கினால் கொஞ்சம் தாராளமாகப் போடுவேன்.

டாக்டர் அவரைத்தான் திட்டினார். "என்ன சார், வாயைக் கட்ட முடியலையா? சின்னக் குழந்தையா நீங்க?"

அவர் நான் நின்ற பக்கம் திரும்பினார். "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே. நீ சொல்லேன்."

"என்னைக் கேட்டா? ஒளிச்சு வச்சுத் தின்றவங்களைக் கேக்கணும்" என்றேன். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள். அவரும் சிரித்தார். கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. அதை நான் தினமும் கழுவிக் கட்டினேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இந்த முறை பள்ளி விடுமுறைக்கு மகள் வந்தாள், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. வந்தவள் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ உக்காரும்மா, நான் இருக்கேன்ல" என்றாள். காபியும் அவள்தான் போட்டாள். அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவரை ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தவள் ஒரே உற்சாகம்.

"அம்மா, சுகர் எவ்வளவு இறங்கியிருக்கு தெரியுமா? எங்க ஊர் ஆஸ்பத்திரியில பேசிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் இவரும் கார்ல வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போறோம். ஒரு கண்ணு முடிஞ்சு, பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு."

"இங்கேயே பண்ணிக்கலாமே" என்றேன்.

"இங்க பண்ணிக் கிழிச்சது போதும். இத்தனை வருஷம் நீ அவருக்குக் கண்ணா இருந்தேல்ல, கொஞ்சம் ஓய்வெடு."

ஓய்வெடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

பேத்தி தாத்தாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு தெரிஞ்சதும் முதல்ல எதைப் பார்ப்பீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"உங்க பாட்டி மூஞ்சியை. எவ்வளவு கிழவியாயிட்டான்னு பாக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் நடு அலமாரி. இவ சொல்ற நிறமெல்லாம் சரிதானான்னு பாக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் வலைக்காரர் வந்தார். எங்களுக்குக் கடலிலிருந்து எதுவாவது கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். வலையில் மீனோடு சேர்ந்து ஏறி வருவதை ஒரு வாளியில் போட்டு எடுத்து வருவார். நீங்கள் அவரிடம் பேசிவிட்டீர்கள் என்று தெரியும். அவர் அந்தக் கூம்புச் சங்கைத் தற்செயலாகக் கொண்டுவந்தார் என்றுதான் உங்களிடம் முதலில் சொன்னேன். அது சரியில்லை. நான்தான் கேட்டேன். தொட்டி காலியாக இருக்கிறது, கூம்புச் சங்கு உயிரோடு கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றேன். மூன்றாம் நாள் கொண்டுவந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டி நின்றார்.

"அக்கா, உயிரோட இருக்கு. கை வச்சுடாதீங்க. இடுக்கியால எடுங்க. சார்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, அவர் பாட்டுக்குத் தடவிடப் போறார்."

"சொல்றேன்" என்றேன்.

வலைக்காரரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அலமாரியில் ஏறிய பொருளைத்தான் தொடக்கூடாது. புதிதாக வருவது எதுவானாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பின்பக்க வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன். அவர் ஒன்றே ஒன்று கேட்பார்: "உயிரா, ஓடா?" உயிர் என்றால் கையை நீட்ட மாட்டார், தொட்டிக்குப் போகும். ஓடு என்றால் கையை நீட்டுவார். நான் வைப்பேன். விரலால் சுற்றிப் பார்த்து, சுண்டு விரலைச் சங்கின் வாய்க்குள் விட்டுத் தடவி, பெயரைச் சொல்வார். கண் நன்றாகத் தெரிந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இத்தனை வருஷத்தில் நான் ஒரு முறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

அந்தக் கூம்புச் சங்கைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். பார்வையாளர்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் நின்று நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பிராணிக்குள் ஊசி மாதிரி ஒரு பல் இருக்கிறது. மீனைக் குத்தி மயக்கி விழுங்கும். மனிதனைக் குத்தினால் மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சுக்கருவி வைத்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் சில மணி நேரம். இந்த ஜாதியில் பெரும்பாலும் வலி இருக்காது, மரத்துக்கொண்டே போகும் என்பார். வலி இருக்காது என்பதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். வலிக்கும் என்றால் நான் செய்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் மகள் வரப்போகிறாள். அவருடைய பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். வேஷ்டிகளை மடித்து, மாத்திரைகளைப் பிரித்து, எல்லாம் சரியாக. சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்.

"வலைக்காரர் குடுத்தது ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?" என்றேன்.

"என்ன நிறம்?"

"பழுப்பு. மேல வலை போட்ட மாதிரி கோடு. நடுவுல ரெண்டு பட்டை."

"கனமா, லேசா?"

"லேசு."

அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகம் மாறியது. பிடித்தமான பொருள் வரும்போது அப்படித்தான் மாறும். "வாய் அகலமா இருக்குமே. தோள்ல சின்னச் சின்ன முண்டு இருக்கா?"

"இருக்கு."

"உயிரா, ஓடா?"

"ஓடு" என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. அவர் கையை நீட்டினார். நான் இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அவர் பழக்கப்படி சுண்டு விரலை விட்டார்.

கத்தவில்லை. கை லேசாக இழுத்தது, அவ்வளவுதான். சங்கை மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேல் கையை வைக்காமல், பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொல்லையில் பக்கத்து வீட்டுத் துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த அலமாரிக்காகவா?" என்று கேட்டார்.

"எந்த அலமாரி?" என்றேன்.

"பெயிண்ட் வாசனை அஞ்சு வருஷமா வருது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ நிறம் சொல்றது நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கேட்டுக்கிட்டேன்."

விஷம் ஏறினால் மனம் குழம்பும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்திருந்தால் என்னோடு பேசியிருப்பாரா? முள் உடைந்ததற்கே பேசாதவர்.

சங்கை இடுக்கியால் எடுத்துத் தொட்டியில் விட்டேன். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். அவருக்குப் பிடித்ததெல்லாம் சொன்னேன். வானத்தைச் சொன்னேன். ஆரஞ்சு சிப்பியை விளிம்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் என் கையிலிருந்து விலகின. அந்த விஷத்துக்குப் பிடி இப்படித்தான் தளரும். பிறகு தலை சுவர்ப் பக்கம் திரும்பியது. கழுத்து நரம்பு முதலிலேயே போய்விடும் போலிருக்கிறது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று சொல்லத்தான். அப்பாவிடம் கொடு என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகில் பிடித்தேன். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும், அவள் ஆம்புலன்ஸை அனுப்பியிருப்பாள். நான் போனைப் பிடுங்கியிருக்க மாட்டேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

"அப்பா, ரெடியா?"

"ரெடிம்மா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம். பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாப்பா. நாளைக்கு உங்களைப் பார்க்கணும்னு குதிக்கறா."

"மெதுவா வாங்க. காரை வேகமா ஓட்ட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு" என்றார். கொஞ்சம் குழறிற்று, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மகளும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

போனை வைத்ததும் நான் கேட்டேன், தண்ணீர் வேண்டுமா என்று. தலையணையைச் சரி செய்யட்டுமா என்று கேட்டேன். ஏங்க என்று கூப்பிட்டேன். இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கூம்புச் சங்கு உள் அறையில் கடைசித் தொட்டியில் இருக்கிறது. மணலுக்குள் புதைந்திருக்கும், தேடினால்தான் தெரியும். தினமும் ஒரு சின்ன மீன் போடுகிறேன். அது பாவம், அதன் குணம் அது. குழந்தைகள் கை விட்டுவிடக்கூடாதே என்று மேலே வலை கட்டியிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போவதானால் உப்புத் தண்ணீரில் வைத்து எடுத்துப் போங்கள்.

நான் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா. அலமாரி, நெயில் பாலிஷ், காபி, வலைக்காரரிடம் கேட்டது, ஓடு என்று சொன்னது, எல்லாமே நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் டாக்டரிடம் கேட்டு எழுத வேண்டும். அந்த விஷம் நாக்கைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? மகளோடு பேசி முடித்த கையோடு பிடித்திருக்கும், இல்லையா? அதற்கு முன்னால் விட்டு விட்டுப் பிடித்திருக்கலாம். அவள் போன் செய்தபோது மட்டும் கொஞ்சம் விட்டிருக்கலாம். அப்படி நடப்பதுண்டு என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரால் பேச முடியவில்லை. முடிந்திருந்தால் என்னோடு பேசியிருப்பார்.